சின்ன ஊர் மியூசியத்துக்கு ஒரு நாள் டிரிப்: புதுக்கோட்டையை வச்சு ஒரு முழுமையான வழிகாட்டி

மியூசியம்னு சொன்னாலே நம்மள்ல பாதி பேருக்கு ஸ்கூல்ல வரிசையா நிக்க வச்சு எக்மோர் கூட்டிட்டு போனதுதான் ஞாபகம் வரும். அந்தக் காலத்து மெட்ராஸ்காரங்க அதை செத்த காலேஜ்னே கூப்பிட்டாங்க, அந்தப் பேரே போதும் ஏன் யாரும் ரெண்டாவது தடவ போகலன்னு சொல்றதுக்கு. நான் இங்க சொல்லப்போறது எக்மோர் பத்தி இல்லங்க, அது பெருசு, அதுக்கு தனியா ரெண்டு நாள் வேணும். நான் சொல்றது மாவட்டத்துல, டவுனுக்குள்ள எங்கயோ ஒரு ரோட்ல, வாசல்ல ஒரு பழைய பீரங்கியோ கல் நந்தியோ வச்சுக்கிட்டு அமைதியா இருக்கற சின்ன மியூசியம். டிக்கெட் பெரும்பாலும் ஒரு டீ காசுக்குள்ளதான் இருக்கும், ஆனா ஒரு முழு நாளை நல்லா ஓட்டலாம், குடும்பத்தோடயே போலாம்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் புரிஞ்சுக்கிட்டா போதும். பெரிய மியூசியத்துல உலகத்துல இருந்து வந்ததெல்லாம் இருக்கும், சின்ன மியூசியத்துல இருக்கறது பெரும்பாலும் சுத்து வட்டாரத்துல 30, 40 கிலோமீட்டருக்குள்ள தோண்டி எடுத்தது, உடைஞ்ச கோயில்ல இருந்து வந்தது, அரண்மனைல இருந்து வந்தது. அதனால காலைல பொருளைப் பாக்கணும், மதியத்துக்கு மேல அது வந்த மண்ணைப் போய்ப் பாக்கணும். மியூசியத்தை மட்டும் பாத்தா ஒரு மணி நேரத்துல போர் அடிச்சிடும், இடத்தை மட்டும் பாத்தா வெறும் பாறையும் வெயிலும்தான் தெரியும், ரெண்டையும் ஒரே நாள்ல சேர்த்தாதான் அந்த டிரிப்புக்கே அர்த்தம். கீழ சொல்ற ஸ்டெப் எல்லாமே இதை வச்சுதான். உதாரணத்துக்கு புதுக்கோட்டையை எடுத்துக்கறேன், ஏன்னா இந்த மாதிரி ஜோடி போட தமிழ்நாட்டுல அதை விட வசதியான ஊர் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

ஸ்டெப் 1: ஊரை எடுக்கறது

மியூசியத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, பக்கத்துல என்ன இருக்குன்னு மேப்ல பாருங்க. புதுக்கோட்டைல மியூசியம் இருக்கறது திருக்கோகர்ணத்துல, டவுன்ல இருந்து ஆட்டோலயோ டவுன் பஸ்லயோ போற தூரம்தான். 1910ல, தொண்டைமான் ராஜாக்கள் ஆட்சில சமஸ்தானமா இருந்தப்பவே ஆரம்பிச்சது, தமிழ்நாட்டுல எக்மோருக்கு அடுத்து சொல்லக்கூடிய பழைய மியூசியம் இதுதான். ஒரு சின்ன சமஸ்தானம் தனக்குன்னு ஒரு மியூசியம் வச்சிருந்ததுனால என்ன ஆச்சுன்னா, அந்த ஏரியால கிடைச்சது நிறைய அந்த ஏரியாலயே தங்கிடுச்சு, மெட்ராஸுக்கு வண்டி ஏறல. 1948 மார்ச்ல சமஸ்தானம் இந்தியாவோட சேர்ந்தப்புறம் இது அரசு மியூசியம் ஆயிடுச்சு.

இதே மியூசியத்துல இருந்து கொஞ்ச தூரத்துல திருக்கோகர்ணம் குடவரைக் கோயில், சுமார் 15 கிலோமீட்டர்ல சித்தன்னவாசல், அதே பக்கம் இன்னும் கொஞ்சம் போனா குடுமியான்மலை, திருச்சி ரோட்டு பக்கம் நார்த்தாமலை, காரைக்குடி போற பக்கம் திருமயம் கோட்டை. எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டு அமுக்கணும்னு ஆசை வரும், வேண்டாம். மியூசியம், திருக்கோகர்ணம், சித்தன்னவாசல், இது ஒரு நாளுக்கு சரியா இருக்கும். கார் இருந்து தெம்பும் இருந்தா குடுமியான்மலை.

ஸ்டெப் 2: கிழமை பாக்கறது, இதுலதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க

தமிழ்நாடு அரசு அருங்காட்சியகத் துறை மியூசியம் எல்லாம் வெள்ளிக்கிழமை லீவு. ஞாயிறு இல்ல, திங்கள் இல்ல, வெள்ளி. அது போக ரெண்டாவது சனிக்கிழமையும் லீவு, தேசிய விடுமுறைக்கும் லீவு. அப்ப வெள்ளி, சனி, ஞாயிறுன்னு லாங் வீக்எண்ட் வந்தா நம்ம ஆள் உடனே பிளான் போட்டு பூட்டின கேட்டுக்கு முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு வர்றது வழக்கமாவே போச்சு. மாசத்துல எந்த சனிக்கிழமைன்னு காலண்டரை பாத்துட்டு டிக்கெட் போடுங்க. நேரம் வழக்கமா காலைல 9.30ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும், ஆனா 5 மணின்னா 4.30க்கே உள்ள விடாம இருக்கவும் வாய்ப்பிருக்கு, அதனால காலைலயே போயிடுங்க.

இன்னொண்ணு, எல்லா மியூசியமும் ஒரே துறைக்கு கீழ வராது. சிலது மாநில அருங்காட்சியகத் துறை, சிலது மாநில தொல்லியல் துறை, சிலது மத்திய தொல்லியல் துறை, சிலது டிரஸ்ட், ஒவ்வொருத்தருக்கும் ஒரு லீவு நாள். தஞ்சாவூர் அரண்மனைல இது ஒரு காமெடியாவே இருக்கும், ஒரே வளாகம்தான், ஆனா கலைக்கூடம் ஒருத்தர், சரஸ்வதி மகால் நூலக மியூசியம் இன்னொருத்தர், தர்பார் ஹால் பக்கம் வேற ஒருத்தர், டிக்கெட்டும் தனித்தனி, சரஸ்வதி மகாலுக்கு புதன்கிழமை லீவு. அதனால மேப்ல திறந்திருக்குன்னு காட்டுதுன்னு நம்பி கிளம்பாதீங்க, முதல் நாள் ஆபீஸ் டைம்ல ஒரு போன் போட்டு நாளைக்கு திறந்திருக்குமா சார்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. அப்படியே மதியம் சாப்பாட்டுக்கு பூட்டுவீங்களான்னும் கேட்டுக்கங்க, அதை யாரும் போர்டுல போட மாட்டாங்க.

மாசம்னு பாத்தா டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. புதுக்கோட்டை பக்கம் ஏப்ரல், மே மாசத்துல மத்தியானம் பாறைல ஏறணும்னா அது பிக்னிக் இல்ல, தண்டனை.

ஸ்டெப் 3: போறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் வீட்டுப்பாடம்

நிறைய படிக்க வேண்டாம். அந்த ஊரை யார் யார் ஆண்டாங்கன்னு ஒரு வரிசை தெரிஞ்சா போதும். புதுக்கோட்டைன்னா முத்தரையர், பாண்டியர், சோழர், அப்புறம் விஜயநகர நாயக்கர் காலம், கடைசியா தொண்டைமான். இது மண்டைல இருந்தா உள்ள லேபிள்ல கி.பி. 9ஆம் நூற்றாண்டுன்னு பாத்த உடனே ஓ இது அவங்க காலம்னு ஒரு கொக்கி மாட்டிக்கும், இல்லன்னா எல்லா சிலையும் ஒரே சிலை மாதிரிதான் தெரியும்.

கையில கொண்டுபோக வேண்டியது: சில்லறை, கட்டாயம். எல்லா இடத்துலயும் ஜிபே இருக்கும்னு நம்பாதீங்க, அஞ்சு பத்து ரூபா டிக்கெட்டுக்கு ஐநூறு ரூபா நோட்டை நீட்டினா கவுன்ட்டர்ல இருக்கறவங்க மூஞ்சி மாறறது நியாயம்தான். தண்ணி பாட்டில், தொப்பி, ஒரு சின்ன நோட்டு, பிள்ளைங்க வந்தா பென்சில். பெரிய பேக் வேண்டாம், வாசல்ல வாங்கி வச்சுப்பாங்க. பாறை ஏறப்போறதால கிரிப் இருக்கற செருப்பு, ஆனா கோயில்ல கழட்டணும்ல, அதனால லேஸ் ஷூ மட்டும் போட்டுட்டு வராதீங்க.

திருச்சில இருந்து வர்றவங்க புதுக்கோட்டை பஸ் பிடிச்சா ஒன்றரை மணி நேரத்துல வந்துடலாம், ராமேஸ்வரம் லைன்ல டிரெயினும் இருக்கு. காலைல டிபனை முடிச்சுட்டு 10 மணிக்குள்ள மியூசியம் வாசல்ல இருந்தா நல்லது.

ஸ்டெப் 4: உள்ள போனதும் முதல் ரவுண்டு

முதல் ரவுண்டுல எதையும் படிக்காதீங்க. சும்மா நடந்து எந்த ரூம்ல என்ன இருக்குன்னு ஒரு பார்வை. புதுக்கோட்டை மாதிரி பழைய மியூசியத்துல எல்லாமே இருக்கும், கல்லு, தாது, பாடம் பண்ணின பறவை மிருகம், ஆயுதம், ஓவியம், செப்புச் சிலை, நாணயம், ஓலைச்சுவடி, கல்வெட்டு. நூறு வருஷத்துக்கு முன்னாடி மியூசியம் ஆரம்பிச்சவங்களுக்கு இயற்கையும் வரலாறும் ஒரே கூரைக்கு கீழ இருக்கணும்னு ஒரு எண்ணம், அந்த கலவை இன்னிக்கு பாக்கறதுக்கு கொஞ்சம் குழப்பமாதான் இருக்கும். பிள்ளைங்களுக்கு அதுதான் பிடிக்கும், அவங்களை அந்த மிருக ரூம்ல ஆசை தீர விட்டுடுங்க, கண்ணாடிக்கண் வச்ச பாடம் பண்ணின விலங்கு கொஞ்சம் பயமுறுத்தும், அதுவும் ஜாலிதான்.

இந்த ரவுண்டுல மூணே மூணு பொருளை மனசுல குறிச்சுக்கங்க. எதுன்னு நான் சொல்ல மாட்டேன், உங்க கண்ணு எங்க நிக்குதோ அது. அப்புறம் ரெண்டாவது ரவுண்டுல அந்த மூணு கிட்ட மட்டும் போய் நில்லுங்க, ஒவ்வொண்ணுக்கும் பத்து நிமிஷம். மத்ததெல்லாம் விட்டுப் போச்சேன்னு வருத்தம் வேண்டாம், இருக்கற எல்லா லேபிளையும் படிச்சு முடிச்சவங்க கிட்ட சாயங்காலம் என்ன பாத்தீங்கன்னு கேட்டுப் பாருங்க, ஒண்ணும் வராது.

ஸ்டெப் 5: கிட்டப் போய் எப்படிப் பாக்கறது

இதுதான் இந்த வழிகாட்டியோட முக்கியமான பகுதி, அதனால கொஞ்சம் நீளமா போகும்.

செப்புத் திருமேனி. எல்லாரும் முகத்தைப் பாப்பாங்க, நீங்க முதல்ல பீடத்தைப் பாருங்க. பீடத்துல வளையமோ ஓட்டையோ இருக்கும், அது அலங்காரம் இல்ல, கம்பு செருகி கட்டி வீதி உலா தூக்கிட்டு போறதுக்கு. அப்ப இந்த சாமி கருவறைல உக்காந்திருந்தது இல்ல, தெருவுக்கு வந்த உற்சவர்னு புரிஞ்சிடும். அப்புறம் சுத்தி வந்து முதுகுப் பக்கம் பாக்க முடியுதான்னு பாருங்க, கோயில்ல உங்களுக்கு கிடைக்காத வாய்ப்பு இது, அங்க துணியும் நகையும் பூவும் மூடி மூஞ்சி மட்டும்தான் தெரியும். சடை எப்படி விழுந்திருக்கு, தலைக்குப் பின்னாடி இருக்கற சின்ன சக்கரம், பூணூல் முதுகுல எப்படி திரும்புது, இதெல்லாம் மியூசியத்துலதான் தெரியும். செய்யற முறை மெழுகு வார்ப்பு, மெழுகுல உருவம் செஞ்சு மேல வண்டல் மண்ணு பூசி காய வச்சு சூடு காட்டினா மெழுகு உருகி ஓடிடும், அந்த காலி இடத்துல உலோகத்தை ஊத்தி ஆறினதும் மண்ணை உடைச்சு எடுக்கணும். அச்சு உடைஞ்சிடுது, அதனால ஒவ்வொரு சிலையும் ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டாவது காப்பி கிடையாது. சுவாமிமலைல இன்னிக்கும் ஸ்தபதிங்க இதே முறைலதான் செய்றாங்க.

இவ்வளவு சிலை எப்படி மண்ணுக்குள்ள போச்சுன்னு பிள்ளைங்க கட்டாயம் கேக்கும். படையெடுப்பு, கலவரம்னு பயம் வந்த காலத்துல கோயில்காரங்களே குழி தோண்டி புதைச்சு வச்சாங்க, புதைச்சவங்க செத்துப் போனாங்க, இடம் மறந்து போச்சு. அப்புறம் நூத்துக்கணக்கான வருஷம் கழிச்சு யாரோ கிணறு வெட்டும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ கடப்பாரைல டங்குன்னு சத்தம் கேக்கும். உடனே விஏஓ, தாசில்தார்னு தகவல் போகும், 1878ல போட்ட புதையல் சட்டம்னு ஒண்ணு இருக்கு, அதுப்படி கலெக்டர் கைக்கு போய் அங்க இருந்து மியூசியத்துக்கு வரும். பேப்பர்ல அப்பப்ப வர்ற ஐம்பொன் சிலை கண்டெடுப்பு செய்தி எல்லாம் பெரும்பாலும் இந்தக் கதைதான்.

முதுமக்கள் தாழி, அதாவது செத்தவங்களை வச்சு புதைச்ச பெரிய பானை, அப்புறம் மத்த பானை. இதைப் பாத்ததும் எல்லாரும் கடந்து போயிடுவாங்க, உடைஞ்ச பானைதானேன்னு. வாய்ப் பக்கமும் உள்பக்கமும் கருப்பா, வெளிய சிவப்பா இருக்கற பானை இருக்கான்னு தேடுங்க. அது பெயிண்ட் இல்ல. சூளைல பானையை கவுத்து வச்சு சுடும்போது உள்பக்கத்துக்கும் வாய்ப் பக்கத்துக்கும் காத்து போகாது, அங்க கருப்பாயிடும், காத்து பட்ட வெளிப்பக்கம் சிவப்பாயிடும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல பழைய டெக்னிக், கீழடி, ஆதிச்சநல்லூர்னு எங்க தோண்டினாலும் இதே கருப்பு சிவப்பு பானைதான் வருது. புதுக்கோட்டை மாவட்டத்துலயே பொற்பனைக்கோட்டைல 2023ல இருந்து மாநில தொல்லியல் துறை தோண்டினாங்க, சங்க காலக் கோட்டை.

நடுகல், சண்டைல செத்த வீரனுக்கு நட்டு வச்ச கல்லு. ஒரு ஆள் கையில வில்லோ வாளோ வச்சு நிப்பான், சில கல்லுல உடம்புல அம்பு குத்தி இருக்கும், கால் கிட்ட மாடு இருந்தா மாட்டுச் சண்டைல, ஆநிரை கவரும்போதோ மீட்கும்போதோ செத்தவன். பக்கத்துல வளையல் போட்ட ஒரு கை மட்டும் மேல தூக்கின மாதிரி கல் இருந்தா அது சதிக்கல், ஒரு நிமிஷம் நின்னு யோசிக்க வேண்டிய கல்லு. நடுகல் மேல ஆசை வந்தவங்க ஒரு நாள் தர்மபுரி போங்க, அங்க அதுக்குன்னே அகழ்வைப்பகம், அதாவது தொல்லியல் துறை மியூசியம் இருக்கு.

நாணயம். புதுக்கோட்டைக்கு வந்துட்டு அம்மன் காசு பாக்காம போகாதீங்க. சுண்டுவிரல் நகத்தளவு சொல்ற மாதிரி ஒரு குட்டி செப்புக் காசு, ஒரு பக்கம் பிரகதாம்பாள் அம்மன் உக்காந்திருப்பா, மறுபக்கம் தெலுங்கு எழுத்துல விஜயன்னு இருக்கும், ராஜாவோட பேர்ல இருந்து. தமிழ் பேசற ஊரு, ஆனா காசுல தெலுங்கு, நாயக்கர் காலத்து நிர்வாகப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கிச்சு. 20 அம்மன் காசு சேர்ந்தா ஒரு அணா, அப்ப ஒரு ரூபாய்க்கு 320. நவராத்திரிக்கு ஏழைங்களுக்கு அரிசியோட சேர்த்து இந்தக் காசையும் கொடுத்தாங்க. சுத்தி முழுக்க பிரிட்டிஷ்காரன் காசு ஓடிக்கிட்டு இருந்தப்ப இந்த துக்கடா சமஸ்தானம் தன் அம்மன் படம் போட்ட காசை விடாம ஓட்டிக்கிட்டு இருந்தது, எனக்கு அந்த கேஸுக்கு முன்னாடி நிக்கும்போது எப்பவும் ஒரு குஷி வரும். கண்ணாடிக்கு பின்னாடி சின்னதா இருக்கும், போன் கேமராவை ஜூம் பண்ணி பாருங்க, கண்ணை விட நல்லா தெரியும்.

காசுன்னு வந்ததால இதையும் சொல்லிடறேன். 1898ல இதே புதுக்கோட்டை சமஸ்தானத்துல கருக்காக்குறிச்சிங்கற ஊர்ல ஒரு பானைல 501 ரோமானிய தங்கக் காசு கிடைச்சது. ரோம் ராஜாங்க தலை போட்ட காசு, நிறைய காசுல அந்த தலை மேல உளி வச்சு ஒரு வெட்டு வெட்டி இருந்தது, இனிமே இது செலாவணி இல்ல, வெறும் தங்கம்னு காட்டறதுக்குன்னு சொல்றாங்க. அதைப் பாக்கணும்னா நீங்க லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் போகணும். அதனால எந்த சின்ன மியூசியத்துக்கு போனாலும் இந்த ஊர்ல கிடைச்சு இங்க இல்லாதது என்னன்னு ஒரு கேள்வியை கேட்டு வைங்க, நல்ல கதை வரும், கொஞ்சம் வயித்தெரிச்சலும் வரும்.

ஸ்டெப் 6: அங்க இருக்கற ஆளுங்க கிட்ட பேசறது

சின்ன மியூசியத்தோட பெரிய லாபம் இதுதான். கூட்டமே இருக்காது, அந்த கேலரில ஒரு ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கற ஊழியர் நாள் முழுக்க யார் கிட்டயும் பேசாம இருப்பார். உள்ள போனதும் வணக்கம்ணே, இந்த லைட்டை கொஞ்சம் போட முடியுமான்னு கேளுங்க, ஏன்னா ஆள் இல்லாத ரூம்ல லைட் அணைச்சுதான் இருக்கும், இருட்டுல சிலையைப் பாத்துட்டு நல்லா இல்லன்னு வந்துடாதீங்க. அப்புறம் இது எந்த ஊர்ல கிடைச்சதுண்ணேன்னு ஒரு கேள்வி. அவ்வளவுதான், லேபிள்ல ரெண்டு வரில இருக்கறது அவர் வாயில பத்து நிமிஷமா வரும், எந்த வருஷம் யார் தோட்டத்துல கிடைச்சது, தூக்கிட்டு வர எத்தனை பேர் வந்தாங்கன்னு. எல்லாமே நூத்துக்கு நூறு சரியா இருக்கணும்னு இல்ல, ஆனா எந்த ஊருக்கு எப்படிப் போகணும், அங்க இப்ப என்ன மிச்சம் இருக்குன்னு அவருக்குத் தெரியும், அதுதான் உங்களுக்கு மதியத்துக்கு வேணும்.

காப்பாட்சியர், அதாவது மியூசியத்தைப் பாத்துக்கற அதிகாரி, ரூம்ல இருந்தா அவரையும் பாக்கலாம், கேள்வியோட போனா விரட்ட மாட்டாங்க. கவுன்ட்டர்ல துறை வெளியீடு புத்தகம் இருக்கான்னு கேளுங்க, வெளில வச்சிருக்க மாட்டாங்க, பீரோவுக்குள்ள இருக்கும், விலை ரொம்ப கம்மி.

போட்டோ எடுக்கலாமான்னு முதல்லயே கேட்டு, கேமரா கட்டணம் இருந்தா கட்டிடுங்க. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். முதல்ல லேபிளை ஒரு படம், அப்புறம் பொருளை ஒரு படம், இந்த வரிசைல எடுத்தா வீட்டுக்கு வந்து எது எதுன்னு முழிக்க வேண்டியதில்ல. கண்ணாடிக்குள்ள இருக்கறதுக்கு போனை கண்ணாடிக்கு ரொம்ப கிட்ட கொண்டுபோய் எடுத்தா எதிர்ல இருக்கற டியூப்லைட் விழாது, ஆனா கண்ணாடியை இடிச்சுடாதீங்க.

பிள்ளைங்க, பெரியவங்க

பிள்ளைங்களுக்கு லெக்சர் எடுக்காதீங்க, வேட்டை வைங்க. சிலைங்கள்ல எத்தனை மிருகம் இருக்கு கண்டுபிடி, கையில கிளி வச்சிருக்கற சாமி யாரு, எந்த வாளு நீளம். பென்சில் கொடுத்து ஒரே ஒரு பொருளை வரையச் சொல்லுங்க, வரையற பிள்ளை பெரியவங்களை விட அதிகமா பாக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல இழுக்காதீங்க, நடுவுல வெளிய தோட்டத்துக்கு கூட்டிட்டு வந்து ஒரு பிஸ்கெட். தாத்தா பாட்டி வந்தா படிக்கட்டு எத்தனை, உக்கார இடம் இருக்கா, டாய்லெட் எங்கன்னு வாசல்லயே கேட்டுடுங்க, வெக்கப்படாதீங்க. சிலையைப் பாத்ததும் அவங்க செருப்பை கழட்டிட்டு கன்னத்துல போட்டுக்குவாங்க, சில இடத்துல சிலை கால்ல பூவே இருக்கும். விட்டுடுங்க, அவங்களுக்கு அது காட்சிப்பொருள் இல்ல.

ஸ்டெப் 7: மியூசியத்துல இருந்து மண்ணுக்கு

மியூசியத்தை விட்டு வந்ததும் நேரா திருக்கோகர்ணம் கோயில். மதியம் நடை சாத்திடுவாங்க, அதனால 12 மணிக்கு முன்னாடி அங்க இருக்கணும். பாறையைக் குடைஞ்சு எடுத்த கோகர்ணேஸ்வரர் சந்நிதி, அதுக்கு முன்னாடி காலம் காலமா சேர்த்துக்கிட்டே போன மண்டபங்க. இங்கதான் பிரகதாம்பாள், தொண்டைமான்களோட குலதெய்வம். ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி நகத்தளவு காசுல பாத்த அதே அம்மன். இந்த ஒரு ஜோடிக்காகவே நான் எல்லாரையும் புதுக்கோட்டைக்கு போகச் சொல்லுவேன்.

சாப்பாடு டவுன்லயே முடிச்சுக்கங்க, சித்தன்னவாசல் பக்கம் பெரிய ஹோட்டல் எதிர்பாக்காதீங்க. கொஞ்சம் வெயில் இறங்கட்டும், ஒரு மூணு மணி வாக்குல அன்னவாசல் ரோட்ல போற பஸ்லயோ ஆட்டோலயோ சித்தன்னவாசல். ஆட்டோன்னா போக வர, வெயிட்டிங் எல்லாம் சேர்த்து முதல்லயே பேசிடுங்க.

அங்க ரெண்டு இடம் இருக்கு, நிறைய பேர் ஒண்ணை மட்டும் பாத்துட்டு வந்துடறாங்க. ஒண்ணு ஏழடிப்பட்டம். மலை மேல ஏறி அந்தப் பக்கம் சரிவுல கம்பியைப் பிடிச்சுக்கிட்டு போனா ஒரு குகை, உள்ள சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கை, வழவழன்னு தேச்சு தலைமாட்டுல தலையணை மாதிரி உசத்தி செதுக்கி இருப்பாங்க. அதுல ஒரு படுக்கைல தமிழி எழுத்துல, தமிழ் பிராமின்னும் சொல்வாங்க, கல்வெட்டு இருக்கு, கி.மு. முதல் நூற்றாண்டு வாக்குலன்னு சொல்றாங்க. முட்டி வலி, தலைசுத்தல் இருக்கறவங்க இதை விட்டுடலாம், மத்தவங்க விடாதீங்க.

இன்னொண்ணு அறிவர் கோயில், ஓவியம் இருக்கற குடவரை. உள்ள போனதும் ஒண்ணுமே தெரியாது, வெளி வெளிச்சத்துல இருந்து வந்த கண்ணு இருட்டுக்கு பழக ரெண்டு மூணு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள என்னப்பா எல்லாம் அழிஞ்சு போச்சுன்னு திரும்பி வந்துடுவாங்க. நில்லுங்க. மேல கூரையைப் பாருங்க, மெதுவா ஒரு தாமரைக் குளம் வரும், பச்சை இலை, மொட்டு, மீனு, வாத்து, யானை, எருமை, நடுவுல பூப்பறிக்கற ஆளுங்க. தூண்ல ஆடற பெண்ணுங்க, கை மட்டும் கொஞ்சம் தெளிவா மிஞ்சி இருக்கும். ரொம்ப நாளா இதை மகேந்திரவர்ம பல்லவன் காலம்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க, ஆனா வெளிய இருக்கற கல்வெட்டுல மதுரை ஆசிரியர் இளங்கௌதமன்ங்கறவர் பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்துல திருப்பணி பண்ணினதா இருக்கு, அப்ப 9ஆம் நூற்றாண்டு. கருவறைக்குள்ள நின்னு வாயை மூடிக்கிட்டு ம்ம்ம்னு ஒரு சுருதில இழுத்தா ரூமே சேர்ந்து அதிரும், அங்க இருக்கற காவலர் கிட்ட கேட்டா அவரே செஞ்சு காட்டுவார். முன்னாடி நிக்கற தூண் மண்டபம் பழசு இல்லங்க, சமஸ்தான காலத்துல குடுமியான்மலைல இருந்து தூணைக் கொண்டுவந்து வச்சது, பாக்க ஒரே காலம் மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க.

நேரம் மிச்சம் இருந்தா குடுமியான்மலை, பாறைல பெருசா வெட்டின சங்கீதக் கல்வெட்டு, ஸ்வரத்தை வரிசை வரிசையா கல்லுல எழுதி வச்சிருக்காங்க. சங்கீதம் தெரிஞ்ச ஆள் கூட வந்தா அவரை அங்க இருந்து கிளப்பறது கஷ்டம், பாத்துக்கங்க. ராத்திரி டவுனுக்கு வந்து பரோட்டாவும் முட்டை மாஸும், புதுக்கோட்டைல அது இல்லாம நாள் முடியாது.

வேற எங்க இதே மாதிரி ஜோடி போடலாம்

தஞ்சாவூர் கலைக்கூடம், அரண்மனைக்குள்ள. அங்க திருவெண்காட்டுல மண்ணுக்குள்ள இருந்து கிடைச்ச ரிஷபவாகன தேவர் இருக்கார், 1011ல செஞ்சது. கை ஒண்ணு மாட்டு மேல சாஞ்ச மாதிரி வச்சிருப்பார், ஆனா மாடு இல்ல. ஒரு காலை லேசா மடக்கி, தலைல பாம்பும் சடையுமா தலைப்பாகை கட்டி, இல்லாத மாட்டு மேல அவ்வளவு சொகுசா சாஞ்சு நிக்கறார், மாட்டை நம்ம கண்ணே போட்டுக்கும். பக்கத்துல நிக்கற அம்மன் அடுத்த வருஷம், 1012ல செஞ்சது. அதே வளாகத்துல சரஸ்வதி மகால் மியூசியத்துல ரெண்டாம் சரபோஜி சேர்த்து வச்சதைப் பாருங்க, ஓலைச்சுவடியோட பக்கத்துலயே மனுஷ மூஞ்சியையும் மிருக மூஞ்சியையும் ஒப்பிட்டு வரைஞ்ச பிரெஞ்சு படம், ஒரு ராஜாவுக்கு இவ்வளவு விதமான கிறுக்கு இருந்துருக்கேன்னு சந்தோஷமா இருக்கும். ஜோடிக்கு பெரிய கோயில் இருக்கவே இருக்கு, ஆனா திருவெண்காடு வரைக்கும் ஒரு நாள் ஒதுக்கினா இன்னும் நல்லது.

தரங்கம்பாடி, டேனிஷ்காரங்க 1620ல கட்டின டான்ஸ்போர்க் கோட்டை, உள்ளயே மியூசியம். இங்க ஜோடிக்கு எங்கயும் போக வேண்டாம், வெளிய வந்தா கடல், பின்னாடி தெருல 1718ல கட்டின புது எருசலேம் சர்ச், 1706ல வந்து தமிழ் புத்தகம் அச்சடிச்ச ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவோட ஊரு. இதுவும் வெள்ளிக்கிழமை லீவு. மதுரைல காந்தி மியூசியம், 1959ல தமுக்கம் அரண்மனைல திறந்தது, சுடப்பட்ட அன்னிக்கு காந்தி போட்டிருந்த ரத்தக்கறை பட்ட துணி அங்க இருக்கு, அரசு மியூசியமும் அதே வளாகத்துலதான், ஒரே நடைல ரெண்டும்.

ஓவிய கேலரிக்கு போறது கொஞ்சம் வேற மாதிரி

சென்னைக்காரங்களுக்கு ஈசிஆர்ல இஞ்சம்பாக்கம் சோழமண்டலம். 1966ல கே.சி.எஸ். பணிக்கர் தலைமைல ஓவியர்கள் சேர்ந்து நிலம் வாங்கி உருவாக்கின கிராமம், பாத்திக் துணி, கைவினைப் பொருள்னு செஞ்சு வித்து அந்தக் காசுல படம் வரைஞ்சு பொழைச்சாங்க. அங்க மெட்ராஸ் ஆர்ட் மூவ்மென்ட் படங்களுக்கு தனி கேலரி இருக்கு, வெளிய தோட்டத்துல சிற்பம்.

கேலரின்னா நிறைய பேருக்கு ஒரு கூச்சம், வாங்கற மாதிரி மூஞ்சி இல்லன்னா உள்ள விடுவாங்களோன்னு. தாராளமா போலாம். படத்துக்கு முன்னாடி நின்னு இது என்னன்னு கண்டுபிடிக்க முயற்சி பண்ணாதீங்க, முதல்ல தள்ளி நின்னு பாருங்க, அப்புறம் மூக்கு முட்டற அளவுக்கு கிட்ட போய் பிரஷ் எப்படி போயிருக்குன்னு பாருங்க, தொடாம. விலைப் பட்டியல் கேட்டா தருவாங்க, கேக்கறதுல தப்பே இல்ல. வரைஞ்சவங்க அங்கயே இருந்தா இதுக்கு என்ன அர்த்தம்னு கேக்காதீங்க, எதுல ஆரம்பிச்சீங்கன்னு கேளுங்க, பேச ஆரம்பிச்சிடுவாங்க. பெரிய படம் வாங்க முடியலன்னா பிரிண்ட், போஸ்ட்கார்டு மாதிரி சின்னது எதாவது இருக்கான்னு பாருங்க. இதோட முட்டுக்காடு தட்சிணசித்ராவையும் சேர்த்தா ஒரு நாள் ஆச்சு, பழைய செட்டிநாட்டு வீடு, கேரளா வீடெல்லாம் பிரிச்சு கொண்டுவந்து அப்படியே திருப்பி கட்டி வச்சிருக்காங்க, அங்க செவ்வாய்க்கிழமை லீவு. காலைல தட்சிணசித்ரா, ஏன்னா அது திறந்தவெளில நடக்கற இடம், வெயில் ஏறினதும் சோழமண்டலம் கேலரி. திரும்பி வரும்போது ஞாயிறு சாயங்காலம் ஈசிஆர் டிராஃபிக்ல மாட்டாம இருக்கணும்னா நாலு மணிக்கே வண்டியை எடுத்துடுங்க.